குரோஷே பின்னல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயிலோ, ஆஸ்பத்திரி வரிசையோ, கல்யாண மண்டபமோ, எங்கே உட்கார்ந்தாலும் பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர் ஐந்து நிமிடம் சும்மா பார்ப்பார். பிறகு கேள்வி வரும். இருபத்தைந்து வருடங்களாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

இது ஸ்வெட்டர் பின்னுவதுதானே?

இல்லை. ஸ்வெட்டருக்கு இரண்டு ஊசி. ஒரு வரிசையில் நூறு கண்ணி என்றால் அந்த நூறும் ஊசியிலேயே காத்து நிற்கும்; ஊசி நழுவினால் அத்தனையும் அவிழப் பார்க்கும். குரோஷேவுக்கு ஒரே ஊசி, அதன் நுனியில் ஒரு கொக்கி. குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சின்னக் கொக்கி என்றுதான் பொருள். எங்கள் வீட்டில் க்ரோஷா என்போம்.

எவ்வளவு பெரிய விரிப்பாக இருந்தாலும், எந்த நேரத்திலும் அவிழக்கூடிய கண்ணி ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் முடிந்த வேலை. அடுப்பில் பால் பொங்கினால் அந்த ஒரு கண்ணியில் சேஃப்டி பின்னை மாட்டிவிட்டு எழுந்து போகலாம். ஆறு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தப்பு வந்தால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் சரசரவென்று பிரிந்து வரும். வேண்டிய இடத்தில் நிறுத்தி மறுபடி ஊசியை மாட்டிக்கொள்ளலாம். ஜாக்கெட் துணியைத் தப்பாக வெட்டினால் வெட்டியதுதான். இதில் நூல் நூலாகவே கைக்குத் திரும்பும். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே பிரிக்கத்தான். பத்து ஸ்டிச் போட வைத்து, உடனே பிரிக்கச் சொல்வேன். பயம் போய்விடும்.

இதெல்லாம் இப்போது மெஷினிலேயே வருகிறதே?

வருவதில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலருக்குத் தெரியாது. இரட்டை ஊசிப் பின்னலுக்கு இயந்திரம் வந்து நானூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589இல் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். நாம் போடும் பனியன் துணி அந்த வழியில் வந்ததுதான். குரோஷேவுக்கு அப்படி ஓர் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்றுவரை புழக்கத்தில் இல்லை. காரணம், கொக்கி ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நுழைகிறது: முந்தைய வரிசையின் கண்ணியில், இரண்டு ஸ்டிச்சுக்கு நடுவிலுள்ள சந்தில், சில நேரம் மூன்று வரிசை கீழே. ஏற்கனவே பின்னிய துணியைக் கை திருப்பித் திருப்பிக் காட்டினால்தான் கொக்கி நுழைய முடியும். 'குரோஷே மெஷின்' என்ற பெயரில் ஓர் இயந்திரம் இருக்கிறது. ஆனால் அதில் வருவது வேறு வகைப் பின்னல்; பார்க்க இதைப்போல இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே, கடையில் 400 ரூபாய்க்கு உண்மையான குரோஷே டாப்ஸ் ஒன்று தொங்கினால், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் இழுத்திருக்கிறார். அந்த விலையில் அவருக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நினைக்காமல் அந்தச் சட்டையை என்னால் தொட முடிவதில்லை.

தொடங்க என்ன வாங்க வேண்டும்?

ஒரு 4 மில்லிமீட்டர் ஊசி, வெளிர்நிறத்தில் ஒரு பந்து நூல், கத்தரிக்கோல். பெரிய செலவில்லை. ஊசிக்கு ஃபேன்ஸி ஸ்டோரில் 'போனி' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். நூலுக்கு வர்த்தமான் அக்ரிலிக் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. கறுப்பு நூல் வேண்டவே வேண்டாம். கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பஞ்சு பஞ்சாக முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் வேண்டாம், அது பிரியாது.

கடைக்காரர் எல்லாவற்றையும் 'உல்லன்' என்றுதான் சொல்வார். அதில் பெரும்பாலும் கம்பளி இருக்காது. ஒரு விரல்கடை நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்தால் கம்பளி. காகிதம் எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக்.

மேஜை விரிப்பு நூல் மட்டும் எப்படி அப்படிப் பளபளக்கிறது?

அது மெர்சரைஸ்டு பருத்தி. ஜான் மெர்சர் 1844இல் பருத்தியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்தால் நூல் வலுவாகிறது, சாயமும் நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டார். 1890 வாக்கில் ஹொரேஸ் லோ அதையே நூலை இழுத்துப் பிடித்தபடி செய்து காட்டியபோதுதான் அந்தப் பளபளப்பு வந்தது. இந்த நூலுக்கு எண் கூடக்கூட இழை மெலிந்துகொண்டே போகும்: 10 தடிப்பு, 20 மெல்லியது, 40 இன்னும் மெல்லியது.

என் ஸ்கார்ஃப் ஏன் மேலே போகப்போகக் குறுகுகிறது?

புதிதாகக் கற்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் பார்த்த சிக்கல் இது. எனக்கும் வந்தது. 30 ஸ்டிச்சில் தொடங்கிய என் முதல் ஸ்கார்ஃப் 19இல் போய் நின்றது. பெரியம்மா அதை மடியில் விரித்து, கரையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் நிறுத்தினார். "இந்தா, இங்க ஒண்ண விட்டிருக்க பாரு" என்றார். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் அதே இடம்.

விஷயம் இதுதான். டபுள் குரோஷே உயரமான ஸ்டிச். வரிசையைத் திருப்பும்போது அந்த உயரத்துக்கு ஏறுவதற்காக மூன்று செயின் (சங்கிலிபோல் வரும் வெறும் கண்ணி) போடுகிறோம். அந்த மூன்று செயினே அந்த வரிசையின் முதல் ஸ்டிச் ஆகிவிடுகிறது. எனவே அடுத்ததை இரண்டாவது ஸ்டிச்சில்தான் குத்த வேண்டும். முதல் ஸ்டிச்சிலேயே குத்தினால் ஒன்று கூடிவிடும். திரும்பி வரும்போது கடைசி ஸ்டிச்சை அந்த மூன்று செயினின் தலையில் குத்த வேண்டும். அது ஸ்டிச் மாதிரியே தெரியாது; ஓரத்தில் சற்றுச் சாய்ந்து, ஒரு முடிச்சுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் வரிசைக்கு ஒன்று குறைகிறது.

மூன்று செயின் போட்டவுடன் மூன்றாவதில் வேறு நிற நூலில் ஒரு துண்டைக் கோத்துவிடுங்கள். திரும்பி வரும்போது அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாலைந்து வரிசைக்குப் பிறகு துண்டு நூலே தேவைப்படாது, கண் பழகிவிடும். உயரம் குறைந்த ஸ்டிச்சான சிங்கிள் குரோஷேவில் இந்தத் தொல்லை இல்லை: ஒரு செயின் போட்டுத் திரும்பி, முதல் ஸ்டிச்சிலேயே தொடங்கலாம்.

வட்டம் பின்னினால் கிண்ணமாக மடிகிறது, இல்லை என்றால் வாழைப்பூ மடலாக நெளிகிறது. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கிண்ணமானால் ஸ்டிச் போதவில்லை, நெளிந்தால் ஸ்டிச் அதிகம்.

சிங்கிள் குரோஷேவில் 6 ஸ்டிச்சில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டையாக வரும்: 6, 12, 18, 24. ஏன் ஆறு? பள்ளிக்கூடத்தில் படித்த 2πr-தான். ஒரு சுற்று முடிந்தால் ஆரம் ஒரு ஸ்டிச் உயரம் கூடுகிறது. சுற்றளவு அந்த உயரத்தைப்போல ஆறே கால் மடங்கு கூடியாக வேண்டும். சிங்கிள் குரோஷேவின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் 6 சரியாக வருகிறது. டபுள் குரோஷே ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். அதனால் அதற்கு 12. ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரம் என் விரலுக்குப் புரிந்தது இந்த ஊசியால்தான்.

கூட்ட வேண்டியதற்கு மேல் வேண்டுமென்றே கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? விளிம்பு அலையலையாகச் சுருண்டு கோழிக்கொண்டைப் பூவாக நிற்கும். கணிதத்தில் அதற்கு அதிபரவளைய வடிவம் என்று பெயர். அதைக் கையில் பிடித்துப் பார்க்க நல்ல மாதிரி இல்லாமல் கணித ஆசிரியர்கள் காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவை சீக்கிரம் கிழிந்துவிடும். லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டைனா டைமினா, 1997இல் அதைக் குரோஷேவில் பின்னினார். இத்தனை ஸ்டிச்சுக்கு ஒன்று கூட்டு என்ற ஒரே விதிதான். அதைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியாவில் பிறந்த சகோதரிகள் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டீன் வெர்தைம் இருவரும் 2005இல் நூலால் ஒரு பவளப்பாறையைப் பின்னத் தொடங்கினார்கள். சில பவளங்களும் ஓடில்லாத கடல் நத்தைகளும் அந்த வடிவத்தில்தான் வளர்கின்றன. கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச் சாவதை உலகுக்குச் சொல்ல, பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பின்னினார்கள். வட்டம் நெளிந்தால் பிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள்.

வீடியோவில் சொன்னபடிதான் செய்தேன், அளவு இரண்டு மடங்காக வந்துவிட்டதே?

அமெரிக்காக்காரரும் பிரிட்டன்காரரும் ஒரே பெயரை வேறு வேறு ஸ்டிச்சுக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர் சிங்கிள் என்பதை பிரிட்டனில் டபுள் என்பார்கள். அமெரிக்கரின் டபுள் அங்கே ட்ரெபிள். குறிப்பில் எங்காவது 'சிங்கிள்' என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை. நான் இங்கே எழுதுவதும் அமெரிக்க முறையில்தான். சின்னங்களால் வரைந்த படமாக இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை; ஜப்பானியப் புத்தகங்களை ஒரு வார்த்தைகூடப் படிக்கத் தெரியாமல் பார்த்துப் பின்னிவிடலாம்.

நம் ஊர் வெயிலில் யார் ஸ்வெட்டர் போடப்போகிறார்கள்?

ஸ்வெட்டர் வேண்டாமே. இந்த ஊசியை நம் பெண்கள் புடவைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முந்தானையில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடும் குச்சு பழையது. இப்போது பட்டு நூலைப் பல இழையாகச் சேர்த்து, மெல்லிய ஊசியால் முந்தானை ஓரத்திலேயே குத்தி எடுத்து, வளைவு வளைவாகப் பின்னி, நடுநடுவே மணி கோத்து க்ரோஷா குச்சு போடுகிறார்கள். ஒரு புடவைக்கு எனக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். முகூர்த்த மாதங்களில் இதை வைத்தே வீட்டுச் செலவைச் சமாளிக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் நிலைவாசல் தோரணம், குழந்தைக்குத் தொப்பி, பருத்தியில் தோள்பை, பாத்திரம் பிடிக்கும் துணி. பழைய பனியனைக் கீழிருந்து சுருளாக ஒரே நாடாவாக வெட்டி 10 மில்லிமீட்டர் ஊசியால் பின்னினால் அருமையான கால்மிதி. குழந்தை பொம்மை பின்னினால் கண்ணுக்குப் பிளாஸ்டிக் மணி வைக்காதீர்கள். கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள், பிய்த்து வாயில் போட முடியாது.

பாட்டி பின்னிய டேபிள் விரிப்பு சுருங்கிக் கிடக்கிறது. மீட்கலாமா?

மீட்கலாம். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் ஊறவைத்து, கசக்காமல் அலசி, துண்டில் சுருட்டி ஒற்றி எடுங்கள். சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அதில் முக்குங்கள். தெர்மோகோல் பலகையில் விரித்து, ஒவ்வொரு வளைவின் நுனியிலும் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி இழுத்து நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். ஊசிகளை எடுக்கும்போது அந்தப் பூ முதல்நாள் பூத்ததுபோல் விறைப்பாக எழுந்து நிற்கும்.

இரண்டு எச்சரிக்கை. கஞ்சி போட்டதை அப்படியே பீரோவில் அடுக்கக் கூடாது, வெள்ளிப்பூச்சி அரிக்கும். அலசி, காயவைத்து, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். அக்ரிலிக் நூலில் பின்னியதன் மேல் இஸ்திரிப்பெட்டியை வைக்கவே கூடாது. உருகித் தட்டையானால் மீளாது.

இது எங்கிருந்து நம் நாட்டுக்கு வந்தது?

அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. கார்க் பகுதியில் உர்சுலைன் சபைக் கன்னியர்கள் இந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்கள். க்ளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் அதைத் தொழிலாகத் தொடங்கிவைத்தார். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த லேஸைப்போல் தோன்றும், ஆனால் அதைவிட வெகு வேகமாக முடியும். ரோஜா ஒருவர், இலை ஒருவர் என்று தனித்தனியாகப் பின்னி, பிறகு வலைபோல் இணைப்பார்கள். அந்தக் காசில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிந்தது.

இந்தியாவில் இதன் தலைநகர் ஆந்திராவின் கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மிஷனரிகள் வழியாக வந்து, சுற்றுவட்டாரக் கிராமங்கள் முழுக்கப் பரவியது. 2024இல் நரசாப்பூர் குரோஷே லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகர்கோவில் லேஸையும் பலர் இதுவென்றே நினைக்கிறார்கள். அது வேறு. மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் தொடங்கியது, திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது.

சென்னையிலும் ஒரு பெருமை உண்டு. 'மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்' என்ற குழு 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையைப் பின்னிச் சேர்த்து கின்னஸ் சாதனை படைத்தது. இரண்டே முக்கால் ஏக்கர்! மெஷினே இல்லை என்பதை நினைவில் வைத்து அந்த எண்ணைத் திரும்பப் படியுங்கள்.

விற்கலாமா? என்ன விலை சொல்வது?

விற்கலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். 12 அங்குல வட்ட விரிப்புக்கு எனக்கு 14 மணி நேரம் ஆகிறது, நூல் 80 ரூபாய். "முந்நூறு தரேன்" என்பார்கள். நூல் போக 220. மணிக்கு 16 ரூபாய்கூட இல்லை. "வீட்ல சும்மாதானே இருக்கீங்க, டிவி பாத்துக்கிட்டே போடறதுதானே" என்பதும் கூடவே வரும். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் நரசாப்பூரில் ஆய்வு செய்து 1982இல் எழுதியது இதைத்தான்: வீட்டில் உட்கார்ந்து பின்னும் பெண்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை, ஓய்வு நேர வேலை என்றார்கள், அந்த ஓய்வு நேரத்தில்தான் வெளிநாட்டுச் சந்தைக்கான சரக்கு உருவானது.

ஆகவே மணிக்கு என்ன கூலி என்பதை முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள். அதைக் கொடுக்க முடியாதவருக்கு விற்காதீர்கள். பிரியப்பட்டவருக்குச் சும்மா கொடுங்கள். அதில் குறைவே இல்லை. நான் பாதி விலைக்கு ஒருபோதும் கொடுப்பதில்லை. அது என்னைப்போலப் பின்னிப் பிழைக்கும் இன்னொருத்தியின் விலையையும் இறக்கிவிடும்.

இடது கைக்காரர் கற்கலாமா? ஆண்கள்?

இருவரும் கற்கலாம். இடது கைக்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்தால் போதும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் சரியாக விழும்.

கை வலிக்காதா?

இறுக்கிப் பிடித்தால் வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை கீழே வைத்துவிட்டு விரலை விரித்து மடக்குங்கள். ஊசியின் பிடியில் கொஞ்சம் துணி சுற்றித் தடிப்பாக்கிக்கொண்டால் பாதி வலி குறைந்துவிடும். மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள், தைலத்தோடு நிறுத்தாதீர்கள்.

இப்போது என்ன பின்னிக்கொண்டிருக்கிறீர்கள்?

பெரியம்மா விட்டுப்போனதை. அவர் போய் இரண்டு வருடமாகிறது. ரெக்ஸின் பையைத் திறந்தபோது 20ஆம் நம்பர் வெள்ளை நூலில் ஒரு வட்ட விரிப்பு, பக்கத்தில் 1.25 மில்லிமீட்டர் ஊசி. கடைசிக் கண்ணியில் சேஃப்டி பின் மாட்டியிருந்தார். மாதிரிப் படம் எதுவும் இல்லை. சுற்றிலும் எட்டு அன்னாசி வடிவங்கள் பாதியில் நின்றன. அன்னாசிப் பின்னலில் சுற்றுக்கு ஒரு வளைவு குறைந்துகொண்டே போய் ஒன்றில் கூம்பும். அவர் நிறுத்திய சுற்றில் ஏழு வளைவு இருந்தது. அதனால் மேற்கொண்டு எப்படிப் போக வேண்டும் என்று அதையே பார்த்துப் படித்துக்கொள்ள முடிந்தது.

என் கை அவர் கையைவிடத் தளர்வு. அதே ஊசியால் நான் போட்ட சுற்று அகன்று தெரிந்தது. பிரித்துவிட்டு 1 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறினேன். இப்போது அவர் முடித்த இடம் எது, நான் எடுத்த இடம் எது என்று பின் மாட்டியிருந்த கண்ணியின் துருக்கறையை வைத்துத்தான் சொல்ல முடியும். அதை நான் போக்கவில்லை.

வளைவு மூன்றுக்கு வந்திருக்கிறது. இன்னும் இரண்டு சுற்று, அப்புறம் கரை. என்ன கரை நினைத்திருந்தார் என்று பார்க்க, பீரோவிலிருந்து அவர் பின்னிய மற்ற மூன்று விரிப்புகளையும் எடுத்துப் பரப்பினேன். மூன்றுக்கும் மூன்று விதமான கரை.